பாலுக்குள் குடியிருக்கும் சொல்

சாயங்காலம் ஐந்தரை மணி. பால் பொங்கி இறங்கியாயிற்று. தயிர்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தால் அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. "பக்கத்து வீட்டு அத்தைகிட்ட ஒரு கரண்டி உறை மோர் வாங்கிட்டு வா. விளக்கு வைக்கிறதுக்குள்ள போயிட்டு வந்துடு, பொழுது சாஞ்சா கொடுக்க மாட்டாங்க" என்று கையில் ஒரு கிண்ணத்தைத் திணித்து அம்மா பிள்ளையை விரட்டுவார். பிள்ளை ஓடும். திரும்பி வரும்போது கிண்ணத்தின் அடியில் இரண்டு விரற்கடைக்கு மோர் இருக்கும். மறுநாள் காலையில் ஒரு பாத்திரம் தயிர் தயார்.

பாக்கெட் தயிர் வந்த பிறகும் தமிழ்நாட்டுத் தெருக்களில் இந்தக் காட்சி மறைந்துவிடவில்லை. சொல் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். சிலர் உறை ஊற்றுவார்கள், சிலர் உறை குத்துவார்கள், சில ஊர்களில் அது பிரை, சில ஊர்களில் புரை. இவற்றில் 'உறை' என்ற சொல்லுக்குத் தனிக் கதை உண்டு. அந்தக் கிண்ணத்தில் பிள்ளை ஏந்தி வருகிற சொல் திருக்குறளில் இருக்கிறது, தொல்காப்பியத்தில் இருக்கிறது, கோயில் பத்திரிகையில் இருக்கிறது, கிணற்றுக்குள் இருக்கிறது, சோழர்களின் பழைய தலைநகரத்தின் பெயரிலும் இருக்கிறது.

உறைதல் என்றால் தங்குதல், வாழ்தல், உள்ளே இருத்தல். அகராதி இவ்வளவுதான் சொல்லும். ஆனால் தமிழில் இதற்குச் சொல் பஞ்சமா என்ன? இருக்கிறோம், தங்குகிறோம், வசிக்கிறோம், குடியிருக்கிறோம், வாழ்கிறோம். விடுதியில் தங்கலாம், வாடகை வீட்டில் குடியிருக்கலாம், ரேஷன் கார்டு முகவரியில் வசிக்கலாம். "நான் திருச்சியில் உறைகிறேன்" என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. மலையில் முருகன் உறைகிறான் என்றால் காதுக்கு இயல்பாக இருக்கிறது. நம்மைப் பற்றிச் சொன்னால் ஒட்டவில்லை. ஏன்?

விடை தேட வள்ளுவரிடம் போகலாம். 84ஆம் குறளில், முகமலர்ந்து விருந்தினரைப் பேணுகிறவன் வீட்டில் திருமகள் மனமுவந்து உறைகிறாள். 50ஆம் குறளில் தெய்வங்கள் வானத்தில் உறைகின்றன. 208ஆம் குறளில் தீமை செய்தவனைக் கேடு தொடர்வதற்கு உவமையாக, ஒருவன் காலடியில் அவன் நிழல் உறைவதைச் சொல்கிறார். 890ஆம் குறளில் மனம் ஒத்துப்போகாதவரோடு வாழ்வது, ஒரே குடிசையில் பாம்போடு உடனுறைவது போன்றது என்கிறார்.

திருமகள், தெய்வம், நிழல், பாம்பு. நான்குக்கும் என்ன ஒற்றுமை? விட்டு நீங்காமைதான். நிழலை உதறிவிட்டு நடக்க முடியாது. குடிசைக்குள் இருக்கும் பாம்பை மறந்துவிட்டுத் தூங்க முடியாது. திருமகள் வந்தால் நிலையாக இருக்க வேண்டும் என்பதுதானே எல்லோருடைய ஆசையும். உறைதல் என்ற சொல்லின் அடியில் இந்த 'நீங்காமல் இருத்தல்' கிடக்கிறது. இதற்கு எதிர்ச்சான்றும் வள்ளுவரிடமே உண்டு. நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், உடம்புக்குள் ஒதுக்குக் குடியாக இருந்துவிட்டுப் போகும் உயிருக்கு நிலையான வீடு கிடைக்கவில்லையோ என்று கேட்கிறார். அங்கே அவர் உறைதல் என்ற சொல்லைத் தொடவில்லை. 'இருந்த உயிர்' என்றே எழுதுகிறார். போகப்போகிற உயிருக்கு வெறும் இருத்தல் போதும் என்று வள்ளுவர் கருதியிருக்க வேண்டும் என்றே படுகிறது.

முருகன் விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் துல்லியம். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர், முருகன் இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். திருப்பரங்குன்றத்தில் முருகன் அமர்ந்து உறைகிறான். திருவேரகத்திலும் உறைகிறான். திருவாவினன்குடிக்கு வரும்போது நக்கீரர் சொல்லை மாற்றி 'அசைதல்' என்கிறார். அசைதல் என்றால் இளைப்பாறித் தங்குதல். குன்றுகளுக்கு வந்ததும் 'ஆடல்', அதாவது விளையாடுதல். ஒரே கடவுள், ஒரே பாட்டு, ஆனால் இடத்துக்கு இடம் வினை மாறுகிறது. பாட்டின் கடைசிப் பகுதியில் காடு, சோலை, ஆற்றிடைக்குறை, குளம், நாற்சந்தி, பூத்த கடம்பு, ஊர் மன்றம், நட்டுவைத்த கந்து என்று அவன் இருக்கக்கூடிய இடங்கள் வரிசையாக வருகின்றன. ஊருக்கு நடுவில் நிற்கும் மரத்தூண்கூட அவன் வீடுதான்.

இந்தப் பொருளை இன்று உயிரோடு வைத்திருப்பவை கோயில் பத்திரிகைகள். 'காந்திமதி அம்மன் உடனுறை நெல்லையப்பர்' என்று திருநெல்வேலியில் அச்சடிப்பார்கள். சிவன் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை எதைப் பிரித்தாலும் இந்த 'உடனுறை' கண்ணில் படும். இரண்டு சந்நிதிகள் தனித்தனியாக இருக்கும், ஆனால் இருவருக்கும் வீடு ஒன்று என்பதை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. வள்ளுவர் பாம்புக்குச் சொன்ன அதே உடனுறைதல், இங்கே அம்மைக்கும் அப்பனுக்கும் பொருந்தி நிற்கிறது.

இன்னொரு இடம் அரசுப் பள்ளிகளின் பெயர்ப்பலகை. மலைப்பகுதிகளில் 'அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி' என்ற பலகையைப் பார்க்கலாம். உண்டு, உறைந்து, படிக்கிற இடம். விடுதிப் பள்ளி என்று சொல்லியிருந்தால் கட்டடம்தான் நினைவுக்கு வரும். உண்டு உறைவிடம் என்னும்போது பிள்ளைகளின் சோறும் படுக்கையும் சேர்ந்து நினைவுக்கு வருகின்றன. ஆட்சிச் சொற்களில் இவ்வளவு கனிவான சொல் அமைவது அபூர்வம்.

கிறித்தவத் தமிழ் இந்த இடத்தில் வேறு வழியில் போயிற்று. இறைவன் மனிதருக்குள் வந்து தங்குவதைச் சொல்லவேண்டிய இடங்களில் பழைய சீர்திருத்தச் சபை மொழிபெயர்ப்பு 'வாசம்பண்ணுதல்' என்று எழுதியது. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் 'குடிகொள்ளுதல்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. குடிகொள்ளுதல் மக்கள் வாயில் புழங்கும் சொல். ஆனால் நல்லதும் கெட்டதும் குடிகொள்ளும். வறுமை குடிகொண்ட வீடு, அச்சம் குடிகொண்ட மனம் என்கிறோம் இல்லையா? உறைதலுக்கு அந்தக் கறை குறைவு.

சரி, தயிருக்கு வருவோம். கடவுள் தங்குவதற்கும் பால் கெட்டிப்படுவதற்கும் என்ன சம்பந்தம்?

உறை மோரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. கை பொறுக்கிற சூட்டில், ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸில், அவற்றைப் பாலில் விட்டால் அவை அங்கேயே குடியேறிப் பெருகுகின்றன. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏறுகிறது. பாலின் பிஎச் அளவு 6.7 போல இருந்தது 4.6ஐ நோக்கி இறங்கும்போது, அதுவரை தனித்தனியாக மிதந்துகொண்டிருந்த கேசின் என்னும் புரதத் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகின்றன. தண்ணீர் அந்த வலைக்குள் அகப்பட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. அதுதான் தயிர். பால் அதிகச் சூடாக இருந்தால் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். ஆறி அவலாகிவிட்டால் வேலை நடக்காது. மார்கழிக் குளிரில் பாத்திரத்தைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைக்கும் பாட்டிகள் அந்த உயிர்களுக்கு ஏற்ற வீட்டைத்தான் கட்டிக் கொடுத்தார்கள். உறை மோர் கிடைக்காத நாளில் மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போடும் வழக்கமும் உண்டு.

ஆக, உறை ஊற்றுதல் என்பது பாலுக்குள் உயிர்களைக் குடிவைப்பது. பால் உறைகிறது என்றால் அலைந்துகொண்டிருந்தது நிலைகொள்கிறது என்று பொருள். சொல்லின் இரண்டு பொருளும் ஒரே பாத்திரத்தில் சந்திக்கின்றன. தெருவில் ஒரு வீட்டின் மோர் அடுத்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து எதிர்வீட்டுக்குப் போகும்போது, அந்தத் தெருவின் தயிரெல்லாம் ஒரே குடும்பம் ஆகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை தேவை. உறை என்ற ஒலியில் நிற்பதெல்லாம் ஒரே வேர் என்று அடித்துச் சொல்லிவிடக் கூடாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகவே பிரித்து வைத்திருக்கிறது. 559ஆம் குறளில் வள்ளுவர் மழையை 'உறை' என்கிறார். அதற்கும் தங்குதலுக்கும் முடிச்சுப் போடத் தேவையில்லை. ஆனால் பேசுகிறவன் அகராதியைப் பார்த்துப் பேசுவதில்லை. ஒரே ஒலியில் பல பொருள் நூற்றாண்டுக் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வாழும்போது ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் விழாமல் இருக்காது. மலையாளத்திலும் பாலுக்கு 'உற' ஒழிப்பார்கள். அதே மொழியில், கோயிலில் வெளிச்சப்பாடு என்னும் சாமியாடி அருள்வந்து ஆடுவதை 'உறஞ்ஞு துள்ளல்' என்பார்கள்.

வினையின் வடிவத்தைக் கவனித்தால் இன்னொரு கிளை தெரியும். உறைகிறது, உறைந்தது என்பது ஒரு வகை: பனி உறைந்தது, இரத்தம் உறைந்தது, தெய்வம் உறைந்தது. உறைக்கிறது, உறைத்தது என்பது மறு வகை. ஈழத் தமிழர் வீட்டில் குழம்பில் மிளகாய்த் தூள் கூடிவிட்டால் "கறி நல்லா உறைக்குது" என்பார்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் காரம் என்கிற இடத்தில் அவர்களுக்கு 'உறைப்பு'. நாக்குக்கு மட்டுமில்லை, புத்திக்கும் உறைக்கும். "எத்தனை தடவை சொன்னாலும் உனக்கு உறைக்கவே இல்லையே" என்று தமிழ்நாட்டில் திட்டு வாங்காத பிள்ளை யார்? காதில் விழுவது வேறு, உறைப்பது வேறு. உள்ளே போய்த் தைத்து நின்றால்தான் உறைத்ததாகக் கணக்கு.

செய்தித்தாள்களில் இப்போது 'அதிர்ச்சியில் உறைந்தனர்' என்பது எங்கும் வருகிறது. விபத்து என்றாலும் உறைகிறார்கள், விலையேற்றம் என்றாலும் உறைகிறார்கள். நல்ல சொல்லை இப்படி நாள்தோறும் செலவழிப்பது வருத்தமாக இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளி விடிகாலையில் வெள்ளையாகக் கிடக்கும்போது 'உறைபனி' என்று எழுதுகிறார்களே, அங்கே அந்தச் சொல் தன் முழுக் கனத்தோடு இருக்கிறது.

உறை என்பது பெயர்ச்சொல்லாகும்போது உள்ளே இருப்பதற்கு இடம் கொடுக்கும் கூடு ஆகிவிடுகிறது. வாளுக்கு உறை, தலையணைக்கு உறை, கடிதத்துக்கு உறை. ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பது வீட்டுச் சண்டைகளில் இன்றும் கேட்கிற பழமொழி. கையுறை என்ற சொல்லின் பயணம் சுவையானது. அகப்பாடல் மரபில் கையுறை என்றால் தலைவன் தலைவிக்குத் தரக் கொண்டுவரும் பரிசு: தழையாடையோ பூவோ, தோழியிடம் கொடுத்து ஏற்றுக்கொள்ளச் சொல்லுவான். 2020இல் கொரோனா வந்தபோது ஊரெல்லாம் ஒட்டிய அறிவிப்புகளில் அதே கையுறை, கையை மூடும் உறையாக நின்றது. காதல் பரிசு மருத்துவமனைக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகியிருக்கிறது!

உறைகளில் பழமையும் உறுதியும் கொண்டது கிணற்று உறை. மணற்பாங்கான நிலத்தில் குழி தோண்டினால் பக்கம் சரியும். அதற்காகச் சுட்ட மண்ணில் வளையம் வளையமாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கீழடியில் தோண்டியபோது இப்படிப்பட்ட உறைகிணறுகள் கிடைத்தன. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்தின் புறச்சேரியில் உறைக்கிணறு இருந்ததாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்கிறார். இன்று மண் வளையத்துக்குப் பதில் சிமெண்ட் வளையம், ஆனால் "உறை இறக்குறது" என்ற பேச்சு அப்படியே இருக்கிறது. வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் சொல்லின் பொருத்தம் விளங்கும். முதல் உறையைத் தரையில் வைத்துவிட்டு ஆள் அதற்குள் இறங்கி நிற்பார். உள்ளிருந்தபடியே வளையத்தின் அடியில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிக் கூடையில் அள்ளி மேலே அனுப்புவார். அடியில் பிடிமானம் போனதும் உறை தன் பாரத்தாலேயே மெல்ல இறங்கும். அதன்மேல் அடுத்த உறையை வைப்பார்கள். சுவர் இறங்க இறங்க ஆளும் அதனோடு இறங்குவார். காலடியில் ஈரம் தட்டும்வரை அந்த வளையத்துக்குள்தான் அவர் இருப்பு.

இந்தச் சொல்லைத் தமிழ் இலக்கணம் பயன்படுத்திய விதம் எல்லாவற்றுக்கும் மேலானது. 'உள்ளுறை' என்றால் உள்ளே உறைவது. பழைய புத்தகங்கள் சிலவற்றில் பொருளடக்கப் பக்கத்தின் தலைப்பாக இது இருக்கும். தொல்காப்பியரோ இதைக் கவிதைக்கே அடித்தளமாக்கினார். உடனுறை, உவமம், சுட்டு, நகை, சிறப்பு என்று உள்ளுறையை ஐந்தாகப் பிரிக்கிறார். உள்ளுறை உவமத்தில் மரம், பறவை, மீன், பூ என்று நிலத்தின் கருப்பொருள்கள் எல்லாவற்றையும் வைத்துப் பேசலாம், தெய்வத்தைத் தவிர. எங்கும் உறைகிறவரை உவமைக்குள் உறையச் சொல்லவில்லை தொல்காப்பியர்.

எப்படி வேலை செய்கிறது உள்ளுறை? குறுந்தொகையின் எட்டாம் பாட்டு ஆலங்குடி வங்கனார் எழுதியது. பேசுகிறவள் பரத்தை. தலைவனின் மனைவி தன்னை ஏசினாள் என்று கேள்விப்பட்டு, அவள் பக்கத்தவர் காதில் விழும்படி சொல்கிறாள். தொடக்கத்தில் தலைவனின் ஊர் வருகிறது: வயலோரத்து மாமரத்தில் பழுத்து விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர். மேலோட்டமாகப் பார்த்தால் செழிப்பான ஊரின் வருணனை. உள்ளே உறைவது வேறு. மீன் மரம் ஏறவில்லை. பழம் தானே விழுந்தது. "நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவன்தான் என்னிடம் வந்தான்" என்று அவள் ஒரு சொல்கூடத் தன் வாயால் சொல்லவில்லை. மாம்பழமும் வாளைமீனும் சொல்லிவிட்டன. அடுத்து வருவது ஒரு பிம்பம். கண்ணாடிக்கு எதிரே நிற்பவர் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை போல, இங்கே பெரிய பேச்சுப் பேசிய அந்த ஆள் வீட்டுக்குப் போனால் மகனைப் பெற்றவள் சொன்னபடி ஆடுகிறான் என்கிறாள். ஆறு அடிகள்தான். ஒரு குடும்பத்தின் முழு வழக்கும் அதில் அடங்கிவிட்டது. இப்பாட்டைப் படிக்க உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பும் உரையும் இன்றும் நல்ல துணை.

'உரை'யும் 'உறை'யும் பள்ளிப் பிள்ளைகளை மட்டுமல்ல, எழுத்தாளர்களையும் தடுக்கி விழவைக்கும். பேசுவது உரை, விளக்குவதும் உரை. உள்ளே இருப்பது உறை. வெளியில் சொல்லப்பட்டதற்கும் உள்ளே கிடப்பதற்கும் நடுவில் ஒரு வல்லின றகரம்தான் வேலி.

கடைசியாக ஒரு ஊர். திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியாக இன்று ஆட்டோ ஹாரனும் கைத்தறிச் சத்தமுமாக இருக்கும் உறையூர், முற்காலச் சோழர்களின் தலைநகர். சங்கப் பாடல்களில் உறந்தை. மக்கள் உறையும் ஊர் என்பதே பெயருக்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம். பொது ஆண்டு முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் மெல்லிய துணிக்குப் பெயர்போன 'ஆர்காரு' என்ற இடத்தைச் சொல்கிறது. அது உறையூர் என்றே அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். உறைக்கிணற்றைச் சொன்ன அதே பட்டினப்பாலை, கரிகாலன் உறந்தையை விரிவாக்கி அங்கே குடிகளை நிலைநிறுத்தினான் என்றும் பாடுகிறது.

அந்த உறையூரில் வெக்காளியம்மன் கோயில் இருக்கிறது. ஒரு காலத்தில் மண்மாரி பெய்து ஊரே மூடிப்போனதாகவும், வீடிழந்த சனங்கள் அம்மனிடம் ஓடிவந்து நின்றதாகவும் கோயில் வரலாறு சொல்கிறது. என் பிள்ளைகள் எல்லோருக்கும் வீடு கிடைக்கும்வரை எனக்கும் கூரை வேண்டாம் என்றாளாம் அம்மன். இன்றும் பக்தர்கள் தங்கள் குறையைச் சீட்டில் எழுதிச் சந்நிதிக்கு முன்னுள்ள சூலத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள். வெயிலும் மழையும் நேராக அம்மன்மேல் விழுகின்றன. கருவறைக்கு மேலே கூரை கிடையாது.